“அது அவற்ர தனி அதிகாரம்” எண்டால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். 2018 ஒக்ரோபர் 26, வெள்ளிக்கிழமை இரவு ஜனாதிபதி சிறிசேன பிரதமரை மாற்றி, மகிந்த ராஜபக்சவை நியமித்தார். அடுத்த நாள் சனிக்கிழமை வகுப்பில் பாடம் நடக்கவில்லை, கேள்விதான் நடந்தது. தொலைக்காட்சி விவாதங்களில் அடிபட்ட “பிரெரோகட்டிவ்” என்ற சொல் பிள்ளைகளின் வாயில் ஏறிவிட்டது. பிறகு ஒவ்வொரு பொதுமன்னிப்பின்போதும், ஒவ்வொரு ஆளுநர் மாறும்போதும் அதே கேள்விகள் வந்தன. பிள்ளைகள் கேட்டார்கள், தாய் தகப்பன் கேட்டார்கள், ஒரு தடவை சலூன் கதிரையில் இருக்கும்போது தலைமயிர் வெட்டுகிறவரும் கேட்டார். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. சொந்த வழக்கு இருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.

1. சேர், பிரெரோகட்டிவ் எண்டால் தமிழில என்ன சொல்லுறது?

ஒரு சொல்லில் ஒருவரும் உடன்படவில்லை, அதுதான் முதற் சிக்கல். “சிறப்புரிமை” என்றால் பாராளுமன்ற உறுப்பினரின் சிறப்புரிமையோடு குழம்பும். “தனியுரிமை” என்ற சொல்லை இப்போது கைபேசிக்காரர் எடுத்துவிட்டார்கள். அந்தரங்கத்தைக் காப்பது என்றுதான் பிள்ளைகளுக்கு விளங்குகிறது. “தற்றுணிபு” கிட்ட வரும், ஆனால் அது வேறு (14ஆம் கேள்வி). இங்கே “தனியதிகாரம்” என்று எழுதுகிறேன். ஒரு பதவிக்கு மட்டும் உரியது, பிறரின் சம்மதம் கேட்காமல் பயன்படுத்தக்கூடியது என்று பொருள்.

வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் கோயில்தான். ஐந்தாம் திருவிழா ஒரு குடும்பத்தின் உபயம் என்று வையுங்கள். அன்றைக்கு எந்த மேளத்தைப் பிடிப்பது, சாத்துப்படிக்கு யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அவர்கள் எண்ணம். மற்றவர்கள் வீதியில் நின்று முணுமுணுக்கலாம், மறிக்க ஏலாது. ஆனால் அதே குடும்பம் கொடியேற்ற நாளை மாற்ற முடியாது, ஆறாம் திருவிழாக்காரரின் பூசையில் கைவைக்கவும் முடியாது. தனியதிகாரம் என்றவுடன் முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். எல்லையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

2. சொல்லு எங்கயிருந்து வந்தது?

பழைய உரோமாபுரியிலிருந்து. மக்கள் அங்கே பிரிவு பிரிவாக வாக்களித்தார்கள். முதலில் வாக்குக் கேட்கப்படும் பிரிவுக்கு “பிறேரொகாட்டிவா” என்று பெயர். இலத்தீனில் “முன்னே கேட்கப்பட்டது”. முதற் பிரிவின் முடிவு மற்றவர்களை இழுத்துவிடும் என்பதால் அதற்குப் பெரிய மதிப்பு. முதல் இடம் என்ற அந்தக் கருத்து நாளடைவில் அரசனுக்கு உரிய தனி இடம் என்று மாறியது.

3. பங்காளி காணி வித்தால் முதல் எங்களைத்தானே கேக்கவேணும், அதுவும் இதுவோ?

ஒரு அம்மா கேட்டது. “முன்னே கேட்பது” என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவருக்குத் தன் வளவு ஞாபகம் வந்துவிட்டது. சொல்லின் வேரைப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சட்டத்தில் அது வேறு. அது தேசவழமையில் உள்ள முதல் வாங்கும் உரிமை. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த வழமையில் இருந்தது; இன்று 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பிரிபடாத பங்கு விற்கப்படும்போது இணைப்பங்காளருக்கும் உரித்தாளருக்கும் உண்டு. தனியாள் தனியாளுக்கு எதிராகக் கேட்கும் உரிமை அது. இந்தப் பக்கம் பேசுவது அரசு வைத்திருக்கும் அதிகாரத்தைப் பற்றி.

4. இங்கிலாந்து ராசாவிட்ட இருந்ததெண்டு சொல்லுறியள். இப்பவும் இருக்கோ?

இருக்கிறது, ஆனால் தேய்ந்துபோய். ஒரு காலத்தில் சட்டம் ஆக்குவது, நிறுத்துவது, போர் தொடுப்பது, மன்னிப்பது எல்லாம் அரசனிடம் இருந்தன. 1610இல் எட்வேர்ட் கோக் என்ற தலைமை நீதியரசர் ஒரு கருத்தைச் சொன்னார்: நாட்டின் சட்டம் எதை அனுமதிக்கிறதோ அதுவே அரசனின் தனியதிகாரம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 1689இன் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, பாராளுமன்றம் ஆக்கிய சட்டத்தை அரசன் தன் பாட்டில் நிறுத்திவைக்க முடியாமற் போனது. மிஞ்சியதைத்தான் இன்று தனியதிகாரம் என்கிறார்கள்: உடன்படிக்கை செய்வது, படையை அனுப்புவது, பாராளுமன்றத்தை ஒத்திவைப்பது போன்றவை. பெயர் அரசருடையது, பயன்படுத்துவது பிரதமரும் அமைச்சர்களும்.

5. அப்ப நீதிமன்றம் அதைக் கேள்வி கேக்கேலாதோ?

நீண்ட காலம் கேட்கவில்லை. அப்படி ஒரு அதிகாரம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பார்கள், எப்படிப் பயன்படுத்தினாய் என்று கேட்பதில்லை. 1984இல் இது மாறியது. தாட்சர் அம்மையாரின் அரசு ஒரு புலனாய்வு நிலையத்தில் தொழிற்சங்கத்தைத் தடை செய்திருந்தது. தனியதிகாரத்தால் செய்ததையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. ஆனால் தேசிய பாதுகாப்பு என்ற வாதம் வென்றது, தொழிற்சங்கம் தோற்றது. கொள்கையைக் கொடுத்துவிட்டு வழக்கை எடுத்துக்கொண்டார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

2019 செப்டெம்பரில் முழுத் திருப்பம் வந்தது. பிரதமர் பொரிஸ் ஜோன்சனின் ஆலோசனையில் பாராளுமன்றம் ஐந்து கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. அங்குள்ள உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதியரசர்களும் ஒரே குரலில் அது சட்டவிரோதம் என்றார்கள்.

6. ஆமி காணி பிடிக்கிறதும் அந்த அதிகாரத்திலதானோ?

இந்தக் கேள்வி வலிகாமம் வடக்கு வீட்டுப் பிள்ளைகளிடமிருந்துதான் வரும். முதலில் லண்டனில் ஒரு ஹொட்டேலின் கதை. முதலாம் உலகப் போரில், 1916இல், டி கீசர் என்ற ஹொட்டேலைப் படையினர் எடுத்துக்கொண்டார்கள். உரிமையாளர் நட்டஈடு கேட்டபோது, இது அரசனின் தனியதிகாரம், போர்க்காலத்தில் நட்டஈடு கேட்கும் உரிமை இல்லை என்றது அரசு. 1920இல் தீர்ப்பு வந்தது: ஒரு விடயத்தைப் பாராளுமன்றம் சட்டத்தால் ஒழுங்குபடுத்திவிட்டால், அரசு அந்தச் சட்டத்தின்படிதான் நடக்கவேண்டும், அதை ஒதுக்கிவிட்டுப் பழைய தனியதிகாரத்தின் பின்னால் ஒளிக்க முடியாது. நட்டஈடு கொடுக்கவேண்டி வந்தது.

எங்களிடம் காணி சுவீகரிப்புச் சட்டம் 1950இலிருந்து இருக்கிறது. ஆகவே அரசு ஒரு காணியை நிரந்தரமாக எடுப்பதானால் அந்தச் சட்டம் சொல்லும் படிகளில் ஏறித்தான் எடுக்கவேண்டும்: அறிவித்தல், பொதுத் தேவை, ஆட்சேபம், நட்டஈடு. 2013இல் வலிகாமம் வடக்கில் 6381 ஏக்கருக்கு அறிவித்தல் ஒட்டியது அந்தச் சட்டத்தின் கீழ். காணிக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக முடிந்ததும் அதனால்தான். அதற்கு முன் ஆண்டுக்கணக்காக முட்கம்பி போட்டு வைத்திருந்தார்களே, அது எந்தச் சட்டம் என்று கேட்டால், அந்தக் கேள்வி சரியான கேள்வி. அப்படித்தான் கேட்கவேண்டும்.

7. எங்கட நாட்டில ராசாவே இல்லை. பிறகென்ன தனியதிகாரம்?

1948 முதல் 1972 வரை இருந்தது. முடி இங்கிலாந்தில், அதன் பெயரில் இங்கே மகாதேசாதிபதி. முடிக்குரிய காணி என்று அம்மப்பா ஆட்கள் சொல்வது அந்தக் காலத்துச் சொல். 1972இல் குடியரசானதோடு முடி போனது. 1978இன் அரசியலமைப்பு ஜனாதிபதிக்கு நிறைய அதிகாரம் கொடுத்தது, ஆனால் எழுதிக் கொடுத்தது: 33ஆம் உறுப்புரையில் பொதுவானவை, 34இல் மன்னிப்பு, 70இல் பாராளுமன்றத்தைக் கூட்டுவது, ஒத்திவைப்பது, கலைப்பது.

என் கருத்தில் இந்தப் பக்கத்தில் முக்கியமான விடை இதுதான். இங்கிலாந்தில் தனியதிகாரம் என்றால் எழுதாமல் மிஞ்சியது. இங்கே எழுதினது மட்டும்தான் இருக்கிறது. ஆகவே யாராவது “அது அவற்ர தனி அதிகாரம்” என்று வாயை அடைக்க வந்தால், “எந்த உறுப்புரை?” என்று கேளுங்கள்.

8. 2018இல பாராளுமன்றத்தைக் கலைச்சது ஜனாதிபதியின்ர அதிகாரம் இல்லையோ?

அந்த “எந்த உறுப்புரை” கேள்வியே வழக்காகிப் போன கதை இது. நவம்பர் 9ஆம் திகதி இரவு ஜனாதிபதி சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்து, ஜனவரி 5ஆம் திகதிக்குத் தேர்தல் குறித்தார். 70ஆம் உறுப்புரையில், 19ஆம் திருத்தத்தின்படி, நாலரை வருடம் முடியும்வரை கலைக்க முடியாது என்று இருந்தது. மூன்றில் இரண்டு உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டால் மட்டும் முடியும். அப்படி ஒரு தீர்மானமும் இருக்கவில்லை. அரசு தரப்பு 33ஆம் உறுப்புரையைத் தூக்கிக்கொண்டு வந்தது. அங்கே “கூட்டவும், ஒத்திவைக்கவும், கலைக்கவும்” என்று பொதுவாக ஒரு வரி உண்டு. அது 70க்குக் கட்டுப்படாத தனியான அதிகாரம் என்பது வாதம்.

இரா. சம்பந்தன் முதல் மனுதாரர். டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அந்த வாதத்தைத் தள்ளினார்கள். 33 சொல்வது அதிகாரம் இருக்கிறது என்று, 70 சொல்வது எப்படி, எப்போது என்று. ஒன்றை விட்டு ஒன்றை வாசிக்க முடியாது. முடியரசின் மிச்சமாக, சட்டத்துக்கு மேலான ஓர் அதிகாரம் ஜனாதிபதியிடம் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. இப்போது அந்த நாலரை வருடம் இரண்டரை ஆகிவிட்டது. கால எல்லையை மாற்றலாம், மாற்றினார்கள். எல்லை இருக்கிறது என்பது மாறவில்லை.

9. மன்னிப்புக் குடுத்தால் ஆரும் ஒண்டும் செய்யேலாது எண்டினம், உண்மையோ?

மிருசுவிலை மனதில் வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்பார்கள். 2000 டிசம்பரில் தங்கள் வீடு வளவைப் பார்க்கப் போன, ஐந்து வயதுப் பிள்ளை உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு இராணுவச் சிப்பாய்க்கு 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது, 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது, 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மன்னித்துவிட்டார். பதினைந்து வருட வழக்கு, ஒரு கையெழுத்தில் போனது. அந்தக் கிழமை நான் எடுத்த பாடத்தில் எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை.

ஆனால் சட்டம் அத்தோடு நிற்கவில்லை. மன்னிப்பு 34ஆம் உறுப்புரையில் எழுதப்பட்ட அதிகாரம். மரண தண்டனைக் கைதியை மன்னிப்பதானால், வழக்கை விசாரித்த நீதிபதியிடம் அறிக்கை கேட்கவேண்டும். அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்குப் போகவேண்டும். பிறகு நீதி அமைச்சரின் சிபாரிசோடு ஜனாதிபதியிடம் வரவேண்டும். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021இல் கொடுத்த மன்னிப்பை 2024 ஜனவரி 17ஆம் திகதி உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. வழக்குப் போட்டவர்கள் கொல்லப்பட்டவரின் மனைவியும் மகளும். அதே ஆண்டு ஜூனில் றோயல் பார்க் கொலை வழக்குக் கைதிக்குக் கொடுத்த மன்னிப்பும் அப்படியே போனது. மிருசுவில் மன்னிப்புக்கு எதிராகவும் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் போடப்பட்டன.

மன்னிக்கும் அதிகாரமே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். துமிந்த சில்வாவை விட்ட அதே நாள், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டனை பெற்ற 16 தமிழ்க் கைதிகளும் அதே உறுப்புரையின் கீழ்தான் வீடு வந்தார்கள்.

10. வெசாக்குக்கு விடுறவையும் இதே மன்னிப்போ?

உறுப்புரை அதேதான். வித்தியாசம், அது ஆள் பார்த்து இல்லை. இன்ன வகைக் குற்றம், இவ்வளவு காலம் முடித்தவர்கள் என்று வரையறை போட்டு, சிறைச்சாலை பட்டியல் அனுப்பும். 2025 வெசாக்கின்போது அந்தப் பட்டியலில் இல்லாத ஒருவர் அநுராதபுரம் சிறையிலிருந்து வெளியே வந்து பெரிய பிரச்சினையானது. அது ஜனாதிபதியின் மன்னிப்பே இல்லை, மன்னிப்பின் பெயரில் நடந்த வேறொன்று.

11. வடக்கு ஆளுநர் தன்ர விருப்பத்துக்கு எல்லாம் செய்யலாமோ?

எழுத்தில் இல்லை. மாகாண சபை இருந்தால் அவர் பொதுவாக முதலமைச்சரும் அமைச்சர் வாரியமும் சொல்லும் ஆலோசனைப்படி நடக்கவேண்டும். நடைமுறையில், 2013இல் தெரிவான எங்கள் சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. பிறகு தேர்தல் வைக்காமலே வருடங்கள் போயின. ஆலோசனை சொல்ல ஆளில்லாத இடத்தில் ஆளுநர் தனியே நிற்கிறார். சட்டம் கொடுக்காத தனியதிகாரத்தைக் காலதாமதம் கொடுத்துவிட்டது.

எழுத்திலும் ஒரு பொறி உண்டு. 154எப் உறுப்புரையை வாசியுங்கள். ஒரு விடயம் ஆளுநரின் தற்றுணிபுக்கு உரியதா இல்லையா என்று கேள்வி வந்தால், ஆளுநரே தன் தற்றுணிபில் தீர்ப்பார், அதுவே முடிவு. அந்தத் தற்றுணிபையும் ஜனாதிபதியின் பணிப்பின்படிதான் பயன்படுத்தவேண்டும். ஆளுநர் பதவியில் இருப்பதும் ஜனாதிபதி விரும்பும்வரைதான்.

சபை இருந்த காலத்திலும் இழுபறிதான். 2017இல் முதலமைச்சர் விக்னேஸ்வரன் ஒரு அமைச்சரை நீக்கினார். நீக்கும் அதிகாரம் நியமித்த ஆளுநரிடமா, ஆலோசனை சொன்ன முதலமைச்சரிடமா என்று வழக்கு வந்தது. 2018 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களோடு சண்டை பிடித்து, ஆளுநரின் கைக்கு அதிகாரத்தைக் கொடுத்த கதை என்று அப்போது தேநீர்க் கடைகளில் சொன்னார்கள்.

12. ரிட் மனுவுக்கு ஏன் “பிரெரோகட்டிவ் ரிட்” எண்டு பேர்? அது சனத்தின்ர பக்கம்தானே?

நல்ல கேள்வி. ரிட் என்பது அதிகாரிகளுக்கு நீதிமன்றம் இடும் ஆணை. ஆரம்பத்தில் இவை அரசன் தன் பெயரில் அனுப்பிய கட்டளைகள். தன் அதிகாரிகள் ஒழுங்காக நடக்கிறார்களா என்று பார்க்க. நாளடைவில் நீதிமன்றங்களின் கைக்கு வந்து, இன்று சனம் அரசுக்கு எதிராகப் பிடிக்கும் பொல்லு ஆகிவிட்டன. பெயரில் மட்டும் அரசன் மிச்சம்.

பெயர்கள் இலத்தீன், வேலை எளிது. செர்சியோராரி, அதிகாரியின் முடிவை வரவழைத்து இரத்துச் செய்யும். மண்டாமுஸ், செய்யாமல் விட்ட கடமையைச் செய் என்று பணிக்கும். குவோ வொரண்டோ, “எந்த அதிகாரத்தில் இந்தக் கதிரையில் இருக்கிறாய்?” என்று கேட்கும். 2018 டிசம்பர் 3ஆம் திகதி மகிந்த ராஜபக்ச பிரதமராகச் செயற்படுவதை மேன்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தியது 122 உறுப்பினர்கள் போட்ட இந்த வகை மனுவில்தான். கடைசியாக ஆட்கொணர்வு, ஆளைக் கொண்டுவந்து காட்டு என்பது. அதைப் பற்றி எங்கள் சனத்துக்கு நான் விளக்கத் தேவையில்லை.

13. ரிட் யாழ்ப்பாணத்திலயே போடலாமோ, கொழும்புக்குத்தான் ஓடவேணுமோ?

பாதி பாதி. 13ஆம் திருத்தத்தால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இரண்டு வாசல் திறந்தது. மாகாணத்துக்குள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டவருக்காக ஆட்கொணர்வு மனு போடலாம். 1996இல் நாவற்குழியில் காணாமற்போன இளைஞர்களுக்காக 2017இல் யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றத்தில் மனுக்கள் வந்தது இந்த வழியால். மற்றது, மாகாணப் பட்டியலில் உள்ள விடயங்களில் அதிகாரம் செலுத்துபவர்களுக்கு எதிரான மனு.

தவறுகிற இடம் காணி. காணி மாகாணப் பட்டியலில் இருக்கிறதே என்று அரச காணியிலிருந்து எழும்பச் சொன்ன அறிவித்தலுக்கு எதிராக இங்கே மனு போட்டால் நிற்காது. 2013 செப்டெம்பரில் சோலைமுத்து ராசு என்ற தோட்டக் காணி வழக்கில் உயர் நீதிமன்றம் அப்படித் தீர்த்துவிட்டது. அதற்குக் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குத்தான் போகவேண்டும். பஸ் காசும் கொழும்புச் சட்டத்தரணியின் காசும் சேர்ந்தால், பலர் அந்த இடத்திலேயே வழக்கை விட்டுவிடுகிறார்கள்.

14. கந்தோரில “இது என்ர தற்றுணிபு” எண்டு சொன்னால் என்ன செய்யிறது?

அவர் தனியதிகாரத்தோடு குழப்புகிறார். தற்றுணிபு என்பது ஒரு சட்டம் அதிகாரிக்குத் தரும் தெரிவு: கொடுக்கலாம், மறுக்கலாம். எந்த நோக்கத்துக்குத் தரப்பட்டதோ அதற்காக, நியாயமாக, உங்கள் பக்கத்தையும் கேட்டுப் பயன்படுத்தவேண்டும். மனம் வந்தபடி என்று அதற்குப் பொருள் இல்லை.

எனக்கும் ஒரு கந்தோரில் இந்த வசனம் கிடைத்தது. காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று ஒரு கடிதம் கொடுத்துப் பிரதியில் சீல் அடித்து வாங்கினேன். இரண்டு கிழமையில் தற்றுணிபு மனம் மாறிவிட்டது. மாறாவிட்டால் 12, 13 ஆம் விடைகள் இருக்கின்றன.

15. அவசரகாலச் சட்டமும் தனியதிகாரம்தானே?

இல்லை. அது 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. ஜனாதிபதி பிரகடனம் செய்யலாம், ஆனால் பாராளுமன்றம் 14 நாளுக்குள் அங்கீகரிக்காவிட்டால் செத்துவிடும். எங்கள் அனுபவத்தில் பாராளுமன்றம் மாதாமாதம் கையை உயர்த்திக்கொண்டே இருந்தது, அது வேறு கதை.

16. “ஜனாதிபதி சட்டத்தரணி” எண்டால் ஜனாதிபதிக்காக வழக்குப் பேசுறவரோ?

இல்லை, ஜனாதிபதிக்கு எதிராகவும் பேசுவார்கள். அது பட்டம். பிரித்தானியர் காலத்தில் முடி கொடுத்த கௌரவம், ஜீ.ஜீ. பொன்னம்பலத்தையும் செல்வநாயகத்தையும் எங்கள் பெரியவர்கள் “கியூ.சி.” (இராணியின் சட்டத்தரணி) என்று சொன்னது அதைத்தான். கௌரவம் வழங்குவதும் அரசனின் தனியதிகாரங்களில் ஒன்று. 1984இல் எட்டாம் திருத்தம் அதை எழுதி ஜனாதிபதியிடம் கொடுத்தது.

17. தமிழ்நாட்டில ஆளுநர் கோப்பை அமத்தி வைச்சிருந்தாரே, அங்க வேற சட்டமோ?

வேறு அரசியலமைப்பு, ஆனால் மூச்சு ஒன்றுதான். ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளை விடச் சொல்லி 2018 செப்டெம்பரில் தமிழ்நாடு அமைச்சரவை சிபாரிசு செய்தது. ஆளுநர் முடிவெடுக்காமல் வைத்திருந்தார். மன்னிப்பில் ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்று சொல்லி, 2022 மே 18ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் பேரறிவாளனைத் தானே விடுவித்தது. மற்ற ஆறு பேரும் நவம்பரில் விடுதலையானார்கள். அவர்களில் ஒருவரான உடுப்பிட்டிச் சாந்தன் ஊர் வர அனுமதிக்குக் காத்திருந்து, 2024 பெப்ரவரியில் சென்னையில் இறந்து, உடலாகத்தான் வந்தார்.

18. அப்ப நீதிமன்றம் தொடவே ஏலாத அதிகாரம் ஒண்டும் மிச்சமில்லையோ?

ஒன்று இருக்கிறது. 35ஆம் உறுப்புரை ஜனாதிபதி பதவியில் இருக்கும்போது அவருக்கு எதிராக வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. 2015இன் 19ஆம் திருத்தம் அதில் ஒரு கதவைத் திறந்தது: அவர் பதவி முறையில் செய்தவற்றுக்கு எதிராக, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். 8ஆம் விடையில் சொன்ன வழக்கு நடந்தது அந்தக் கதவால். அதே இடத்தில் ஒரு விலக்கும் எழுதியிருக்கிறார்கள்: போரும் சமாதானமும் பிரகடனம் செய்யும் அதிகாரத்தைப் பற்றி நீதிமன்றம் வாய் திறக்க முடியாது.

இதைப் படிப்பித்த அன்று பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: “சேர், எங்கட சண்டைக்கு அப்படிப் பிரகடனம் செய்தவையோ?” இல்லை, பிள்ளை. நாங்கள் கண்டதெல்லாம் அவசரகாலச் சட்டத்தின் கீழும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழும்தான். 15ஆம் கேள்வியைத் திரும்ப ஒருக்கால் வாசி.